துணியைத் தேய்த்துப் பார்க்கும் விரல்: கோத்தகிரிக் கடை ஒன்றின் மெய்நிகர் முயற்சி

நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் எம்பிராய்டரி போட்ட சால்வை, மேசை விரிப்பு, தோள்பை, அவற்றோடு மலைத்தேன், மிளகு, தேயிலை. கோத்தகிரியில் ஓர் அக்கா நடத்தும் சிறிய கடையின் சரக்கு இவ்வளவுதான். கடைக்கு வந்து சால்வை எடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்ததாக அவருக்கு நினைவே இல்லை. இணையத்தில் படம் பார்த்து வாங்கியவர்களில் பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சால்வை அதேதான், விலையும் அதேதான், தைத்த கையும் அதேதான். பிறகு ஏன் இப்படி? மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் விஆர் கருவியை (ஹெட்செட்) முகத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்கையால் சால்வையை எடுத்துப் பார்க்க முடிந்தால் இந்த இடைவெளி குறையுமா? இந்தக் கேள்வியோடுதான் வேலையில் இறங்கினோம். நான் குன்னூர்க்காரன், மென்பொருள்களுக்கு இடைமுகம் வடிவமைப்பது என் தொழில். நிரல் எழுதியவர் கோவையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி. சிறிய முயற்சிதான். விழுக்காடு போட்டு நிரூபிக்கும் அளவுக்கு ஆட்களை வைத்துச் சோதிக்கவில்லை. ஆனாலும் கைகளைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டது எந்த ஊர்த் துணிக்கடைக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

திரும்பி வந்த சால்வைகள்

திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்களை அக்கா ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். பெரும்பாலும் மூன்றே காரணங்கள். ‘நூல் தூக்கிக்கொண்டிருக்கிறது, பின்பக்கத்தை மேலே வைத்துத் தைத்துவிட்டீர்கள்.’ ‘நினைத்ததைவிடக் கெட்டியாக இருக்கிறது.’ ‘படத்தில் சின்னதாகத் தெரிந்தது, இது போர்வை மாதிரி இருக்கிறது.’

“கடைல நின்னு பாத்திருந்தா இந்த மூணுல ஒண்ணுகூட எழுதியிருக்க மாட்டாங்க தம்பி” என்றார் அக்கா. அவர் சொன்னதில் முழு உண்மை இருந்தது.

முதல் புகாரைப் புரிந்துகொள்ள இந்தத் தையலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். தோடர்கள் நெய்வதில்லை. கோரா நிறத்து முரட்டுப் பருத்தித் துணி சமவெளியிலிருந்து வருகிறது. அதன்மேல் சிவப்பும் கருப்புமான நூலால் பெண்கள் பூவேலை போடுகிறார்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் கிடையாது, துணியில் முன்கூட்டி வரையும் கோலம் கிடையாது. ஊடும் பாவுமான இழைகளை விரலால் தடவி எண்ணியபடியே ஊசி நகரும். துணியின் உட்புறத்திலிருந்து தைத்து, நூலை ஆங்காங்கே வேண்டுமென்றே சற்றுத் தூக்கி விடுவார்கள். அந்தப் புடைப்புத்தான் வேலையின் அழகு. புடைப்பு உள்ள முரட்டுப் பக்கத்தைத் தோடர்கள் மேற்பக்கமாக வைத்துப் போர்த்துவார்கள். மறுபக்கமும் சுத்தமாகவே இருக்கும். இரண்டு பக்கமும் போர்த்தத் தகுந்த இந்தத் துணிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆணும் பெண்ணும் போர்த்தும் பூத்துக்குளி என்ற பெரிய சால்வைதான் இதன் மூல வடிவம். சந்தைக்கு வரும் மெல்லிய தோள்துண்டும் பையும் பின்னால் வந்தவை.

ஆக, வாடிக்கையாளர் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பியது இந்தக் கலையின் உயிரான அம்சத்தை. ஒரு சால்வைக்குள் பல வாரக் கைவேலை இருக்கிறது. அது கூரியர் பையில் கசங்கி மேட்டுப்பாளையம் மலைப்பாதை வழியாக மேலே திரும்பி வருவதைப் பார்க்கும்போது வரும் வருத்தம் கணக்கில் எழுதும் நட்டத்தைவிடப் பெரியது.

கை ஏன் முக்கியம்

கடையில் பொருளைத் தொடுவது வெறும் சோதனை அல்ல. ஜோன் பெக், டெர்ரி சில்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் வாங்குவோரின் ‘தொடும் தேவை’யை அளக்க ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். சிலர் தொடாமலேயே முடிவெடுப்பார்கள், சிலருக்குத் தொட்டால்தான் மனம் நிற்கும். பெக்கும் சுசான் ஷூவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஒரு பொருளைச் சும்மா தொட்டாலே அது நம்முடையது என்ற உணர்வு கூடுகிறது என்று காட்டியது. மவுசால் பார்ப்பதைவிடத் தொடுதிரையில் விரல் வைத்துப் பார்க்கும்போதும் அந்த உடைமை உணர்வு கூடுவதாக பிராசல், கிப்ஸ் ஆகியோரின் 2014 ஆய்வு சொல்கிறது. தொட்டது கண்ணாடியைத்தான், பொருளை அல்ல. அப்படியும் கூடுகிறது.

விஆர் கடைகள் புதியவை அல்ல. 2016இல் சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபா ‘பை பிளஸ்’ என்ற மெய்நிகர் கடையை அட்டைக் கண்ணாடியோடு கொண்டுவந்தது. அதே ஆண்டு அறைகலன் நிறுவனமான ஐகியா ஒரு மெய்நிகர் சமையலறைக்குள் நடக்க விட்டது. அன்றைய அட்டைக் கண்ணாடியில் பார்வைதான் சுட்டுவிரல், விலை கூடிய கருவிகளில் கைக்குப் பதிலாகப் பிடித்து அழுத்தும் ஒரு கண்ட்ரோலர். வெறுங்கையைக் கேமராவால் படிக்கும் வசதி குவெஸ்ட் என்ற விஆர் ஹெட்செட்டுக்கு வந்தது 2019 டிசம்பரில். இன்று ஹெட்செட்டின் கேமராக்கள் நம் கையைப் பார்த்து, மணிக்கட்டும் உள்ளங்கையும் சேர்த்து 26 புள்ளிகளாக அதன் எலும்புக்கூட்டை நொடிக்குப் பல முறை ஊகிக்கின்றன. சால்வையை விற்கப் பயன்படுவது இந்த ஊகம் மட்டுமே. கருவிக்குத் துணி தெரியாது, நம் விரலுக்கும் துணி தட்டுப்படாது.

முதலில் கடையில் கைகளைப் பார்த்தோம்

நிரல் எழுதும் முன் கடையில் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களின் கைகள் செய்வதை மட்டும் எழுதினோம். முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சையும் எழுதவில்லை. மொத்த முயற்சியிலும் பயன் அதிகம் தந்த வேலை இதுவே.

சால்வையை விரித்ததும் கை முதலில் பூவேலைக்குப் போவதில்லை. ஓரத்துக்குப் போகிறது. ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகத் தேய்க்கிறார்கள். ஜவுளி எடுக்கப் போன எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த அசைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து துணியைத் திருப்புகிறார்கள். திருப்பியதும் ஒரு கேள்வி: “இதுல எது மேல்பக்கம்?” அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். விற்பனை அங்கேதான் நடக்கிறது. பிறகு வெளிச்சம் வரும் வாசல் பக்கம் தூக்கிப் பார்ப்பது, கடைசியாகத் தோளில் போட்டுக் கண்ணாடியைத் தேடுவது.

ஒரு சின்னச் செய்தியும் கிடைத்தது. யாரும் சால்வையை மடிப்பதில்லை. மடிப்பது கடைக்காரரின் வேலை. பின்னால் இது எங்களுக்குப் பெரிய உதவியாக வந்தது.

துணியின் பதம்

திரையில் துணி அசைவது பார்க்க அழகாக இருக்கும். அதில்தான் ஆபத்து. விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட துணி நிரல்கள் எதையும் பட்டுப்போல வழிய விடுகின்றன. முரட்டுப் பருத்தி அப்படி வழியாது. மடித்தால் மடிப்பு நிற்கும், தோளில் போட்டால் விறைப்பாக விழும். மெய்நிகரில் பட்டாக வழிந்து வீட்டுக்கு முரடாக வந்தால் ‘கெட்டியாக இருக்கிறது’ என்ற புகாரை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

துணியின் பதத்தை அளக்க ஜவுளித் துறையில் பழைய வழி ஒன்று இருக்கிறது. எஃப். டி. பியர்ஸ் என்ற ஆய்வாளர் 1930இல் எழுதியது. ஒரு துணிப்பட்டையை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தொங்குகிறது என்று பார்ப்பது. கருவி எதுவும் தேவையில்லை, ஓர் அளவுகோல் போதும். கடை மேசையிலேயே சால்வையின் ஓரத்தை நீட்டிப் பார்த்து, திரையில் உள்ள துணியும் அதே அளவு தொங்கும்வரை விறைப்பைக் கூட்டினோம். பூவேலை உள்ள பகுதி வெற்றுத்துணியைவிடக் குறைவாக வளைகிறது. அதனால் அதற்குத் தனி விறைப்பு கொடுத்தோம். இந்த ஒரு திருத்தத்தைப் பார்த்ததும் அக்கா, “இப்பத்தான் நம்ம சால்வை மாதிரி விழுது” என்றார்.

எடையைக் காட்டவும் ஒரு வழி உண்டு. பொருள் கையோடு அப்படியே ஒட்டி வராமல் ஒரு நூலிழை பின்தங்கி வந்தால் மூளை அதைக் கனம் என்று எடுத்துக்கொள்ளும். அனத்தோல் லெகுயேர் குழுவினர் 2000ஆம் ஆண்டிலிருந்தே எழுதிவரும் உத்தி இது. தோள்துண்டுக்குப் பின்னடைவே இல்லாமலும் பூத்துக்குளிக்குச் சற்றுக் கூடுதலாகவும் வைத்தோம். அளவு மீறினால் கனத்துக்குப் பதிலாகக் கருவி திணறுவதாகவே தோன்றும்.

கிள்ளுவதும் தேய்ப்பதும்

இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்.

வெறுங்கை இடைமுகங்களில் ஏறக்குறைய எல்லாமே கிள்ளுவதில்தான் ஓடுகின்றன. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி நுனியும் சேர்ந்தால் ‘பிடி’, விலகினால் ‘விடு’. குவெஸ்டிலும் அப்படித்தான், 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோவிலும் அப்படித்தான். கேமராவுக்குத் தெளிவாகத் தெரிகிற அசைவு என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் துணி வாங்குகிறவர் முதலில் செய்வது எது? அதே இரு விரல்களைச் சேர்த்துத் தேய்ப்பது. அவர் பதம் பார்க்கிறார், கருவியோ பிடி, விடு, பிடி, விடு என்று படிக்கிறது. முதல் வடிவத்தில் சால்வை கையில் துடித்தது, நழுவி விழுந்தது. சோதித்த பெண்மணி ஒருவர் உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்துவிட்டார். அதன் பிறகு அவர் எதையும் தொடத் துணியவில்லை.

கருவிக்கு ஏற்றபடி வாடிக்கையாளரைப் பழக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தொடக்கத்தில் ஒரு பயிற்சித் திரை, ‘இப்படிக் கிள்ளுங்கள்’ என்று ஒரு படம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். துணி பார்க்க ஒருவருக்கு அவர் அம்மா சொல்லித்தந்த அசைவு அது. கடைக்காரன் அதை மறக்கச் சொல்லலாமா?

அந்த மாணவி எழுதிய தீர்வு இது. பிடிக்க விரல்கள் நெருங்க வேண்டிய தூரமும் விடுவதற்கு விலக வேண்டிய தூரமும் ஒன்றாக இருக்கக்கூடாது. விடுவதற்குக் கூடுதலாக விலக வேண்டும். துடிப்பு இதிலேயே பெரும்பாலும் நின்றது. அடுத்து, கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் நீளவாக்கில் முன்னும் பின்னும் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். கேமராவின் கணிப்பில் எப்போதும் ஒரு சின்ன நடுக்கம் இருப்பதால் ஒரு நழுவலை மட்டும் நம்ப முடியாது. போய்த் திரும்பி மறுபடி போனால்தான் அது தேய்ப்பு. தேய்ப்பு என்று உறுதியானதும் துணி அப்படியே பிடியில் நிற்கும். விரலுக்கு அருகே உள்ள இழைகள் மட்டும் பெரிதாகத் தெரியத் தொடங்கும். ஊடும் பாவும், தூக்கி விட்ட நூலின் புடைப்பும் கண்ணுக்கு முன் வரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து அந்தப் புடைப்பின் உயரத்தைக் கணக்கிட்டிருந்தோம். அதனால் கையை அசைத்தால் நூலின் நிழலும் அசையும்.

அதோடு ஓசை. உண்மையான சால்வையை விரலால் தேய்த்து ஒலிப்பதிவு செய்து, தேய்க்கும் வேகத்துக்கு ஏற்ப ஒலிக்க விட்டோம். 1998இல் யூஸ்மேகி, ஹாரி என்ற பின்லாந்து ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. உள்ளங்கைகளைத் தேய்க்கும் ஓசையில் உச்ச அதிர்வெண்களைக் கூட்டிக் கேட்க வைத்தால், கேட்பவருக்குத் தன் தோலே காகிதம்போல உலர்ந்ததாகத் தோன்றும். காதுக்கு விரலை ஏமாற்றும் வலிமை உண்டு. நாங்கள் ஒலியைக் கூட்டவோ மழுக்கவோ இல்லை. துணி எழுப்பும் ஓசை எதுவோ அதை மட்டும் வைத்தோம்.

கண்ட்ரோலர் இல்லாமல் வெறுங்கையாக இருப்பதன் பலன் இங்கேதான் முழுதாகத் தெரிந்தது. தேய்க்கும்போது நம் கட்டைவிரலுக்கு நம் ஆள்காட்டி விரலாவது தட்டுப்படுகிறது. தட்டுப்படுவது தோல்தான், பருத்தி அல்ல. ஆனாலும் காற்றில் கை வீசுவதுபோல் இல்லை. கண்ணில் இழை, காதில் ஓசை, விரலில் ஓர் அழுத்தம் என மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, சோதித்தவர்கள் பலர் கேட்காமலேயே “கொஞ்சம் முரடா இருக்கும் போல” என்றார்கள். இரண்டாவது புகாருக்கு இதுதான் விடை. வாங்கும் முன்பே அவர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள்.

கோவையில் வைத்தபோது

ஹெட்செட் வைத்திருக்கும் வாடிக்கையாளர் நம் ஊரில் மிகக் குறைவு. அதனால் கருவியைக் கோவையில் தெரிந்தவர் கடையில் ஒரு மூலையில் வைத்தோம். மலைக்கு ஏற முடியாதவர், நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வர 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள் என்பதால் தள்ளிப்போடுகிறவர், ஊட்டிக்கு வந்தும் கோத்தகிரிப் பக்கம் திரும்பாதவர் எல்லோரும் அங்கே பார்க்கலாம்.

சில விஷயங்களை இடம்தான் கற்றுத்தந்தது. கையை மார்புக்கு மேலே நீட்டியபடி நின்றால் சற்று நேரத்தில் தோள் கடுக்கும். ஆகவே மெய்நிகர் மேசையை இடுப்புக்குச் சற்று மேலே, உண்மையான கடை மேசையின் உயரத்திலேயே வைத்தோம். முன்னால் ஒரு நிஜ மேசையையும் போட்டதால் முழங்கையை ஊன்றிக்கொள்ள முடிந்தது. கோத்தகிரியில் சோதித்தபோது வேறு தொல்லை: சுவெட்டர் கை பாதி உள்ளங்கைவரை இறங்கியிருந்தால் கருவி விரல்களைத் தவறவிடுகிறது, கம்பளிக் கையுறை என்றால் இன்னும் தடுமாறுகிறது. குளிர்ந்த அறையில் கிடந்த ஹெட்செட்டை முகத்தில் வைத்ததும் லென்ஸில் ஆவி படிகிறது. பயன்படுத்தும் முன் கொஞ்ச நேரம் அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் சரியாகிறது.

ஒரு கை மற்றொரு கைக்குப் பின்னால் மறையும்போது கேமராவுக்குப் பின்னால் உள்ள கை தெரியாது. 2022இல் வந்த மென்பொருள் மேம்பாடு இதைப் பெரிதும் சரிசெய்தது என்றாலும், பெரிய சால்வையை மடிக்கும்போது இன்னும் தவறுகிறது. இங்கேதான் கடையில் எழுதி வைத்த குறிப்பு உதவியது. மடிப்பதை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவே இல்லை. சால்வையை மேசையில் விட்டால் அதுவாக மடிந்துகொள்ளும். யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

கருவியில் இயல்பாக வரும் கை வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைப் பல மாநிறங்களில் மாற்றிக்கொள்ளும்படி செய்தோம். துணியின் நிறம் தன் கை நிறத்துக்கு எதிரில் எப்படித் தெரிகிறது என்பது வாங்குவோருக்கு உண்மையான கேள்வி.

பணம் கட்டுவதை மட்டும் கை அசைவுக்கு விடவில்லை. 2016இல் அலிபே என்ற சீனப் பணப்பரிமாற்றச் சேவை, ஹெட்செட் மாட்டியபடி தலையசைத்தால் பணம் போகும் முறையைக் காட்டியது. நம் ஊரில் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டவே தலையாட்டுகிறோம். அதைச் சம்மதமாக எடுப்பது நியாயமில்லை. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கடைக்காரரிடம் பேசி, யூபிஐயில் கட்டுவது என்று வைத்தோம். முடிவெடுக்கும் நேரத்தில் எதிரே ஒரு மனித முகம் இருக்க வேண்டும்.

தைப்பவர்கள் கேட்டது

மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளிலிருந்து வந்து தைத்துக்கொடுக்கும் பெண்களுக்கு இதைக் காட்டினோம். மூத்தவர் ஒருவர் சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இழைகள் பெரிதாகத் தெரிந்த இடத்தில் நின்றார். விரலால் எண்ணினார். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி அக்காவிடம், “எண்ண முடியுதே. அப்ப யாரும் எண்ணிக்கலாம்ல?” என்றார்.

அவர் கேட்டதன் பொருள் எங்களுக்கு உடனே விளங்கியது. சிவப்பு, கருப்புப் பட்டைகளை இயந்திரத்தில் போட்டும் அச்சடித்தும் தோடர் வேலை என்று விற்பது ஏற்கனவே நடக்கிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். இழைக்கு இழை தெரியும் கோப்பு வெளியே போனால் கோலத்தைக் காக்க அதனால் மட்டும் முடியாது. ஆகவே முழுச் சால்வையின் நுண்படத்தை எங்கும் வைக்கவில்லை. தேய்க்கும்போது தெரிவது ஓரத்தில் ஒரு கைப்பிடி அளவுப் பகுதி மட்டும். மீதிப் பூவேலை கண்ணுக்குப் போதிய தெளிவோடு இருக்கும், எண்ணுவதற்குப் போதாது. எந்த ஓரம் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். விற்பனைக்கு நல்லது என்று சொல்லி இதைத் தளர்த்தும்படி யார் கேட்டாலும் நான் மறுப்பேன்.

என்ன மாறியது

கோவை மூலையில் கையால் பார்த்துவிட்டு வாங்கியவர்களிடமிருந்து ‘பின்பக்கம் மேலே’ என்ற புகார் வரவில்லை. அவர்கள் திருப்பிப் பார்த்திருந்தார்கள், கேட்டிருந்தார்கள், பதில் பெற்றிருந்தார்கள். அளவு பற்றிய குழப்பமும் போனது. தன் தோளில் விழும் சால்வையின் நீளத்தைக் கண்டவருக்கு சென்டிமீட்டர் கணக்கு தேவைப்படவில்லை. சிலர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார்கள். கெட்டியாக இருக்கும் என்று தெரிந்து போனார்கள். அதையும் நான் வெற்றியாகவே எண்ணுகிறேன். அந்தச் சால்வை மலை இறங்கி மலை ஏறவில்லை.

நிறத்தில் சிக்கல் தீரவில்லை. கோராத் துணியின் மங்கிய வெண்மை ஹெட்செட்டில் கூடுதல் வெளுப்பாகவே தெரிகிறது. வாசனையும் கிடையாது.

பெரிய பலன் ஹெட்செட்டுக்கு வெளியே கிடைத்தது. கைகளிடமிருந்து தெரிந்துகொண்டதை அக்காவின் சாதாரண விற்பனைப் பக்கத்துக்குக் கொண்டுபோனோம். முதல் படமாக இருந்த, யாரோ போர்த்தி நிற்கும் அழகான படம் பின்னால் போனது. இப்போது முதலில் வருவது ஒரு சிறு காணொளி: ஒரு கை ஓரத்தைத் தேய்க்கிறது, ஓசை கேட்கிறது, துணி திரும்புகிறது, இரண்டு பக்கமும் தெரிகின்றன. அதன் கீழ் இரண்டே வரி, எது மேற்பக்கம் என்று. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களிலும் திறக்கும்படி சிறிய கோப்பாக வைத்தோம். போன் கேமராவிலேயே கையின் 21 புள்ளிகளைப் படிக்கும் கூகுளின் மீடியாபைப் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு திரைக்கு முன் உள்ளங்கையைத் திருப்பினால் சால்வையும் திரும்பும்படி ஒரு வடிவத்தை அந்த மாணவி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.

தேனையும் தேயிலையையும் விஆருக்குள் கொண்டுவரும்படி கேட்டவர்கள் உண்டு. மறுத்துவிட்டோம். தேன் புட்டியைக் கையில் எடுத்துச் சுழற்றுவதால் வாங்குகிறவர் தெரிந்துகொள்ளப்போவது ஒன்றுமில்லை. அதற்குச் சிறிய மாதிரிப் புட்டிகளைக் கோவைக் கடையிலேயே வைத்திருக்கிறோம், கூடவே ஒரு கரண்டியும்.